யாரும் விழாத வார்டு

அக்கா ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவ. ஒரு கையில பை, இன்னொரு கையில சில்லறை. கம்பியைப் பிடிக்க மூணாவது கை கிடையாது. டிரைவர் எப்படி பிரேக் போட்டாலும் ஜனங்கதான் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்வாங்க, அவ அசைய மாட்டா. ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழிச்சு, அசையாத வீட்ல, அசையாத தரையில, ஃபேன் சுவிட்சைப் போடத் திரும்புனப்போ விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கிட்டா.

"பஸ்ஸா இருந்தா விழுந்திருக்க மாட்டேன்டா"ன்னு தரையில கிடந்தபடி சொன்னா. அதுக்கப்புறம்தான் வலியில கத்துனா.

நான் அவ தம்பி. மெத்தை தைக்கிறவன். அவ வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு, எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடக்கவே இல்ல. ரெண்டாவது மாடியில ரெண்டு ரூம் வீடு. முன் ரூம்ல அவ, பின் ரூம்ல நான், நடுவுல இருக்கிற சமையல்கட்டுல சண்டை. இப்படியே ஓடிக்கிட்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கம்பி வெச்ச டாக்டர் வெளிய வந்து, "நாளைக்கே எழுப்பி நிக்க வைக்கணும். படுக்கப் போட்டா படுத்துடுவாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த இடுப்பைப் பார்க்கப் போயிட்டாரு. அவரை நான் அப்புறம் பார்க்கல. நல்ல மனுஷன். ஆனா அவரோட ராஜ்யம் கீழ்மாடியோட சரி.

அக்காவை மேல்மாடியில இருக்கிற மீட்புப் பிரிவுக்கு மாத்துனாங்க. வாசல்லயே ஒரு பெரிய போர்டு. 'இந்த வார்டில் கடைசியாக ஒருவர் விழுந்து இத்தனை நாட்கள் ஆகின்றன'ன்னு எழுதி, நடுவுல மாத்துற மாதிரி நம்பர் அட்டை. தினமும் காலையில ஹெட் சிஸ்டர் அட்டையை மாத்துவாங்க, எல்லா ஸ்டாஃபும் வரிசையா நின்னு கை தட்டுவாங்க. நோயாளிங்களும் தட்டணும். படுத்துக்கிட்டே தட்டலாம், அதுக்குத் தடை இல்ல.

"அக்காவை நாளைக்கு எழுப்பச் சொன்னாங்க"ன்னு நான் ஹெட் சிஸ்டர்கிட்ட சொன்னேன்.

அவங்க கதவு பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு, "இங்க அந்த வார்த்தையைச் சத்தமா சொல்லாதீங்க"ன்னாங்க.

அன்னிக்கே பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாரு. அவருக்குப் பின்னால சின்ன டாக்டருங்க, அவங்களுக்குப் பின்னால அதைவிடச் சின்ன டாக்டருங்க. அவரு நின்னதும் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதாத குறையா எல்லாரும் கட்டில் கால்மாட்டுல வரிசையா நின்னாங்க. அவரு அக்காவைப் பார்க்கல, ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தாரு.

"அழற்சி அதிகம்"ன்னாரு.

"அப்படின்னா சார்?"

"எலும்பு உடைந்தாலும் அறுவை செய்தாலும் உடலுக்குள் ஒரு கொதிப்பு எழும். ரத்தத்தில் அதற்கொரு எண் உண்டு. அந்த எண் இறங்கும்வரை நோயாளி கால் ஊன்றக் கூடாது என்பது நமது பிரிவின் கொள்கை. தீப்பிடித்த வீட்டுக்குள் யாராவது நடமாடுவார்களா?"

"நான் வீட்டுக்கு வெளியதான் நடக்கணும்னு சொல்றேன் டாக்டர்"ன்னா அக்கா.

பின்னால நின்ன சின்ன டாக்டர் ஒருத்தர் சிரிக்கப் பார்த்து இருமிட்டாரு.

தினமும் விடிஞ்சதும் ரத்தம் எடுத்தாங்க. நம்பர் கொஞ்சம் இறங்கும், அப்புறம் அங்கேயே உக்காந்துக்கும். அக்காவோட கை முழுக்க ஊசி குத்துன நீலம். "எத்தனை டிக்கெட்ல ஓட்டை போட்டிருப்பேன், எல்லாம் சேர்ந்து பழி வாங்குதுடா"ன்னு கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. சாப்பாடு பாதி அப்படியே திரும்பிப் போகும். தொடை ரெண்டும் வத்திக்கிட்டே வந்துச்சு. பஞ்சு இறங்குன மெத்தை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மனுஷங்க படுத்தாதான் எனக்குப் பொழப்பு, ஆனாலும் இப்படி ஒரு படுக்கையை நான் பார்த்ததே இல்ல.

அந்த வார்டுல நோயாளிங்களை நடக்க வைக்கிறதுக்குன்னே ஒரு பிசியோ பொண்ணு இருந்துச்சு. வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஒருத்தரையும் நடக்க வைக்கல. கோடியில பயிற்சி ரூம். பிடிச்சு நடக்கிற ரெட்டைக் கம்பி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத வாக்கருங்க, எல்லாம் புதுசு. கம்பியில டாக்டருங்களோட கோட்டு தொங்கிக்கிட்டிருந்தது.

"அப்போ நீ என்னம்மா பண்றே?"ன்னு அக்கா கேட்டா.

"வகுப்பு எடுக்கிறேங்க."

வகுப்புன்னா இதுதான்: மத்தியானம் ஒரு டிவியைத் தள்ளிக்கிட்டு வருவாங்க. டிவியில அரை டிராயர் போட்ட வாலிபன் ஒருத்தன் கடற்கரையில நடப்பான். நோயாளிங்க படுத்தபடி அவனைப் பார்த்து மனசால நடக்கணும். முடிஞ்சதும் எல்லாரும் நடந்ததா கணக்கு.

"ஏம்மா, மனசால பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். திரும்பி வர ஒரு ஆட்டோ பிடிச்சுத் தர்றியா?"ன்னா அக்கா.

பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, வெளிய இருக்கிற மரத்துக்கிட்ட பேசுற மாதிரி பேச ஆரம்பிச்சுது. "நான் யாருக்கும் எதுவும் சொல்லல. ஆனா படுத்திருக்கிற ஒருத்தர் குதிகாலை மெத்தையில அழுத்தி அழுத்தி விட்டா தொடை சாகாது. யாராவது உள்ளங்காலை எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிச்சா இன்னும் நல்லது. படுதா போட்டிருக்கிற நேரத்துல கட்டில் ஓரமா உக்காந்தா ரொம்ப நல்லது. நான் சொல்லல."

அன்னிலேர்ந்து பார்வையாளர் நேரம் பூரா எனக்கு வேலை. போர்வைக்குள்ள கையை விட்டு அக்கா உள்ளங்காலைத் தாங்கிப் பிடிப்பேன், அவ உதைப்பா. சின்ன வயசுல உதைச்சது போதாதுன்னு இப்பவும் உதைச்சா. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டே, "நல்லாப் பிடிடா சோம்பேறி. பஞ்சு அடிக்கிற கையா இது, பஞ்சு மாதிரி இருக்கு"ன்னு திட்டுவா. சிஸ்டர் வந்தா ரெண்டு பேரும் டிவியில நடக்கிறவனைப் பார்ப்போம்.

பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சரம்மா. பேச்சு ரொம்பக் கம்மி. சொன்ன பேச்சு கேக்கிறவங்க. படுக்கச் சொன்னா படுத்தாங்க, அசையாதேன்னா அசையல. ஏதேதோ மருந்து ஏத்தி ஏத்தி ஒரு நாள் காலையில அவங்க நம்பர் சாதாரண மனுஷங்க அளவுக்கு இறங்கிடுச்சு. வார்டே கொண்டாடுச்சு. பெரிய டாக்டர் பூச்செண்டோட வந்தாரு. டீச்சரம்மாவோட மருமகளைக் கூப்பிட்டு நடுவுல நிக்க வெச்சாங்க.

"இந்தத் தாயின் ரத்தத்தில் இன்று ஒரு குறையும் இல்லை. இத்தகைய ரத்தத்தை இளைஞர்களிடம்கூட நான் கண்டதில்லை. இவரை முழுமையாகக் குணமடைந்தவராக அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன்"னு பேசுனாரு.

எல்லாரும் கை தட்டுனோம். டீச்சரம்மாவைக் கால் ஊனச் சொன்னாங்க. ஊனுனாங்க. கால் துணி மாதிரி மடிஞ்சது. நாலு பேர் தாங்கிப் பிடிச்சுட்டாங்க, தரையில படல, அதனால போர்டு நம்பருக்கு ஒண்ணும் ஆகல. பெரிய டாக்டர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டு, "நீள்பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுங்கள்"ன்னாரு.

நீள்பராமரிப்பு இல்லம்னா ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற சாம்பல் கலர் கட்டடம். அக்கா கட்டில்லேர்ந்து பார்த்தா அதோட ஜன்னலுங்க தெரியும். அங்க போறவங்களைப் பார்க்க முதல்ல வாரா வாரம் ஆள் வரும், அப்புறம் விசேஷத்துக்கு வரும், அப்புறம் ஒரே ஒரு தடவை வரும்.

மருமக பூச்செண்டை வெச்சுக்கிட்டு முழிச்சுது. "குணமாயிட்டாங்கன்னா வீட்டுக்குத்தானே சார் அனுப்பணும்?"

"குணம் எங்கள் பொறுப்பு அம்மா. கால்கள் எங்கள் பிரிவில் வராது."

டீச்சரம்மாவைத் தள்ளிக்கிட்டுப் போனப்போ அவங்க அக்கா பக்கம் திரும்பி, "நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்?"னு கேட்டாங்க. அக்கா ஜன்னல் வழியா அந்தச் சாம்பல் கலர் கட்டடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, "தம்பி, என்னை அங்க விட்டுடாதடா"ன்னா. அவ என்கிட்ட எதையும் கேட்டு நான் பார்த்ததில்ல. கட்டளைதான் போடுவா.

அந்த வாரமே ஹெட் சிஸ்டர் என்னை ஓரமாக் கூப்பிட்டாங்க. "வெள்ளிக்கிழமை உங்க அக்காவோட முடிவு மீட்டிங். கட்டில்லேர்ந்து பாத்ரூம் கதவு வரைக்கும் தானா நடந்தா வீடு. இல்லேன்னா பின்கட்டடம்."

"நடக்கவே விடலியே சிஸ்டர்?"

"அது அழற்சிக் கமிட்டி. இது படுக்கைக் கமிட்டி. அவங்க இவங்ககூடப் பேசுறதில்ல."

அழற்சிக்குன்னே ஒரு ஆபீசர் இருக்காருன்னு கேட்டுக்கிட்டுப் போனேன். ஏசி ரூம். அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாரு. மரியாதையான ஆளு.

"சார், எங்க அக்காவை ஒரு நாலு எட்டு நடக்க விடக் கூடாதா? படுத்துப் படுத்து ரொம்ப மோசமாயிட்டா."

"நிச்சயமாக மோசமாகியிருப்பார்"னு சந்தோஷமாத் தலையாட்டுனாரு. "வயதானவர்கள் படுத்தே இருந்தால் தசை கரையும், பசி போகும், அழற்சியும் அடங்காமல் நீடிக்கும். நானே இதைப் பற்றிப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்."

"அப்போ எழுப்பலாமே சார்?"

"அழற்சி நீடிக்கும்போது எப்படி எழுப்ப முடியும்?"

"படுத்திருக்கிறதாலதான் நீடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்களே."

"மிகச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்."

நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தாரு. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேருக்கும் டீ வந்துச்சு. குடிச்சோம். "உங்களைப் போல ஆர்வத்தோடு கேட்பவர்கள் குறைவு"ன்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாரு.

திரும்பி வந்து அக்காகிட்ட சொன்னேன். "டீ எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுவாவது உனக்குக் கிடைச்சுதே. காலைப் பிடி."

வியாழக்கிழமை வார்டே அல்லோலகல்லோலம். விழாத வார்டுன்னு விருது குடுக்க மேலிடத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்களாம். அந்த நாள் பார்த்து யாராவது இறங்கிடக் கூடாதுன்னு எல்லாக் கட்டில்லயும் ரெண்டு பக்கக் கம்பியையும் ஏத்துனாங்க. எல்லாரோட செருப்பையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டிக் கொண்டு போனாங்க. என் செருப்பும் போச்சு. நான் நோயாளி இல்லன்னு சொன்னேன். "வயசு இருக்கு, ஆகலாம்"ன்னு சொன்னான் சாக்கு தூக்குனவன்.

மேலிடத்து அம்மா வந்தாங்க. ரொம்ப தூரம் கார்ல வந்த களைப்பு, முதுகைப் பிடிச்சுக்கிட்டேதான் நின்னாங்க. பெரிய டாக்டர் பேச ஆரம்பிச்சாரு.

"உலகெங்கும் மருத்துவமனைகளில் முதியோர் விழுகிறார்கள். ஏன்? அவர்களை எழுப்புகிறார்கள்! எழுப்பாமல் யாரும் விழுந்ததாக வரலாறு உண்டா? நாங்கள் நோயை வேரிலேயே பிடித்தோம். எங்கள் தரையை நோயாளிகளின் கால் தொட்டதில்லை. பாருங்கள், முகம் தெரிகிறது."

எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. முகம் தெரிஞ்சது.

"ரொம்ப நல்லது"ன்னாங்க அந்த அம்மா. "அறிக்கையோட மேலட்டைக்கு ஒரு போட்டோ வேணும். யாராவது ஒரு நோயாளி நிக்கிற மாதிரி."

எல்லாரும் வரிசையாப் படுத்திருக்கிறவங்களைப் பார்த்தாங்க.

"படுத்தபடி எடுத்து, படத்தை நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாமே"ன்னாரு பெரிய டாக்டர்.

எடுத்தும் பார்த்தாங்க. எதிர்க் கட்டில் பெரியம்மா ஒருத்தங்களைக் கையைக் காலை நேரா நீட்டச் சொல்லி, கட்டில் மேல ஏணி போட்டு ஏறி எடுத்தாங்க. படத்தைத் திருப்புனா பெரியம்மா நிக்கிறாங்க, ஆனா தலைக்குப் பின்னால தலையணையும் நிக்குது. தலையணையை உருவிட்டு எடுத்தாங்க. இப்போ அவங்க முடி பூரா பின்பக்கமா சரிஞ்சு, காத்துல பறக்கிற மாதிரி இருந்துச்சு.

"நான் நிக்கிறேன்"ன்னா அக்கா.

பெரிய டாக்டர் ஹெட் சிஸ்டரைப் பார்த்தாரு, அவங்க அழற்சி ஆபீசரைப் பார்த்தாங்க, அவரு ரிப்போர்ட்டைப் பார்த்தாரு. "எண் அனுமதிக்கவில்லை. ஆனால் புகைப்படத்துக்கு நிற்பது கால் ஊன்றுவதில் சேராது என்று கொள்ளலாம். ஒரு கணம்தான்."

பிசியோ பொண்ணு ஓடிப் போய் ஒரு வாக்கரைத் தூக்கிட்டு வந்துச்சு. பிளாஸ்டிக் உறையைப் பல்லால கடிச்சுக் கிழிச்சுது. கட்டில் பக்கக் கம்பியை இறக்கிட்டு நானும் அதுவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சோம். அக்கா கட்டில் ஓரத்துல உக்காந்தா, மூச்சு வாங்குனா, எழுந்தா. உடம்பு பூரா நடுங்குச்சு. முகம் வெளுத்துப் போய் உதட்டுக்கு மேல வேர்வை. நான் பயந்துட்டேன். போட்டோ எடுத்தாங்க.

"அருமை. படுக்கலாம்"ன்னாரு பெரிய டாக்டர்.

"என்னை விடுங்க ரெண்டு பேரும்"ன்னா அக்கா மெதுவா.

விட்டோம். வாக்கரை ஒரு சாண் முன்னால தள்ளுனா. கம்பி வெச்ச காலை இழுத்து வெச்சா. அடுத்த காலை வெச்சா.

"பிடியுங்கள்!"னு கத்துனாரு பெரிய டாக்டர்.

"பிடிக்காதீர்கள்!"னு கத்துனாரு அழற்சி ஆபீசர். "பிடித்து அவர் தடுமாறி விழுந்தால் நம் கணக்கில்தான் வரும்!"

அதனால யாரும் பிடிக்கல. எல்லாரும் கையை விரிச்சுக்கிட்டு அக்காவைச் சுத்தி நகர்ந்தாங்க, கோழியை மடக்குற மாதிரி. பெரிய டாக்டர் முன்னால பின்பக்கமாவே நடந்தாரு. அக்கா ஒரு எட்டு வெப்பா, நிப்பா, கண்ணை மூடுவா. அவ நின்னா மொத்தக் கூட்டமும் நிக்கும். ஒரு தடவை முட்டி மடங்கப் பார்த்துச்சு. அவ வாக்கரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எதிர்ல இருந்தவரைப் பார்த்து, "வழியில நிக்காதீங்க சார்"ன்னா. அவரு விலகுனாரு. பாத்ரூம் கதவுக்குப் போய், கதவுல நெத்தியைச் சாய்ச்சு நின்னா. முதுகு குலுங்குச்சு. அழுறாளா சிரிக்கிறாளான்னு எனக்குத் தெரியல, பக்கத்துல போய்ப் பார்க்கவும் இல்ல.

பின்னால அவசர மீட்டிங் நின்ன இடத்துலயே ஆரம்பிச்சாச்சு.

"எண் இறங்காத நோயாளி நடந்ததை நடையாக ஏற்க முடியாது"ன்னாரு ஆபீசர்.

"ஆனா கதவு வரைக்கும் போயிட்டாங்களே. விதிப்படி வீடுதான்"னாங்க ஹெட் சிஸ்டர்.

"எண் இறங்காமல் வீட்டுக்கு எப்படி?"

மேலிடத்து அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து முதுகைத் தேய்ச்சுக்கிட்டே, "இவங்க நாளைக்கும் எழுந்தா?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தாங்க. பெரிய டாக்டர் முகத்துல அன்னிக்குத்தான் நிஜமான கவலையைப் பார்த்தேன். நோயாளிக்காக ஒரு டாக்டர் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்ல.

"இவர் நடக்கக்கூடியவர். நடக்கக்கூடிய ஒருவரை வார்டில் வைத்திருப்பது மற்ற எல்லாருடைய பாதுகாப்புக்கும் ஆபத்து. இன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் விழட்டும், இங்கே வேண்டாம்."

பின்கட்டடத்துக்கு அனுப்பலாமான்னு ஆபீசர் மெதுவாக் கேட்டாரு. அங்க விழுந்தாலும் இதே ஆஸ்பத்திரிக் கணக்குதான்னு ஹெட் சிஸ்டர் சொல்லிட்டாங்க.

கிளம்புறப்போ பிசியோ பொண்ணு உறை கிழிஞ்ச வாக்கரைக் கொண்டு வந்து, "இதைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க, பிரிச்சுட்டோம்ல"ன்னு குடுத்துச்சு. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. இந்தத் தடவை ஒண்ணும் பேசல. செருப்பு மூட்டை எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. வெறுங்காலோட வீட்டுக்கு வந்தோம்.

ரெண்டு மாடி ஏற அன்னிக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். படிக்கட்டுல பாதி நேரம் உக்காந்துதான் இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாயிடல. படுத்து வீணான நாளுக்கெல்லாம் அவ ஒண்ணுக்கு ரெண்டா உழைக்க வேண்டியிருந்துச்சு. சாயங்காலம் தொடை வீங்கிக் கொதிக்கும், காலைல கொஞ்சம் வத்தும். சில நாள் முடியலன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. நான் காலைப் பிடிப்பேன். உதைக்க மாட்டா. அப்படிப்பட்ட நாள்தான் எனக்குப் பயமா இருக்கும். மறுநாள் திட்டுவா, அப்பாடான்னு இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். ஒரு பையன் குரல், எழுதி வெச்சதைப் படிக்கிற மாதிரி.

"உங்கள் நோயாளி வீடு திரும்பிய பிறகு விழுந்தாரா?"

"இல்லீங்க."

"நன்றி. அழற்சி எண் எவ்வளவு?"

"அது பார்க்கலீங்க."

"அப்போ குணமடைந்தவங்க கணக்குல சேர்க்க முடியாதுங்க."

"அவங்க நடக்கிறாங்க தம்பி. வாக்கரை வெச்சுக்கிட்டு முன் ரூம்லேர்ந்து பின் ரூம் வரைக்கும் வர்றாங்க. இதோ இப்பக்கூட நடந்துக்கிட்டுதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுற சத்தம். "அப்படி ஒரு கேள்வி இதுல இல்லீங்களே"ன்னு சொன்னான். பாவம், நிஜமாவே தேடிப் பார்த்திருக்கான்.

"யாருடா போன்ல?"ன்னா அக்கா. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல, வாக்கரைத் தவிர பிடிக்க எதுவும் இல்லாத இடத்துல நின்னுக்கிட்டிருந்தா. மூச்சு வாங்குச்சு.

"ஆஸ்பத்திரி. நீ விழுந்துட்டியான்னு கேக்கிறாங்க."

அக்கா வாக்கரை ஒரு சாண் தள்ளுனா. காலை இழுத்து வெச்சா.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. இப்போ ஜன்னல் வரைக்கும் போற வேலை இருக்கு."